ஊருக்கே விரல் வெளுக்கும் மாதம்

இடலாக்குடி ஹமீதா பீவியைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னது கிடையாது. அடுக்களைக்குள் வந்த சாரைப்பாம்பை விளக்குமாற்றால் வெளியே தள்ளிவிட்டு, அதே விளக்குமாற்றால் முற்றத்தையும் பெருக்கி முடித்தவள். அந்த வீட்டில் பயப்படுகிற வேலை முழுவதையும் அவளைக் கட்டிய மாப்பிள்ளை சேக் மைதீன் ஒருவரே குத்தகைக்கு எடுத்திருந்தார்.

அவர் கொடிக்கால்காரர். அகத்தியை வரிசையாக நட்டு, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றி நாரால் கட்டி, நிழலும் ஈரமும் குறையாமல் பார்த்துக்கொள்கிற பிழைப்பு. வெற்றிலைக் கொடி கைக்குழந்தை மாதிரி, எதற்கும் வாடும். கொடிக்காலுக்குள் செருப்போடு நுழையக் கூடாது, தீட்டு நாட்களில் பெண்கள் கால் வைக்கவே கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு உண்டு. இப்படிப்பட்ட பிழைப்புக்கு இப்படிப்பட்ட மனுஷரா வாய்க்க வேண்டும்? மழை பெய்தால் வேர் அழுகிவிடும் என்று பயம். பெய்யாவிட்டால் இலை கருகிவிடும் என்று பயம். மழையும் வெயிலும் அளவோடு வந்தாலோ, இது எத்தனை நாளைக்கு ஓடப்போகிறதோ என்று அதற்கும் ஒரு பயம்.

ஊர் சிரித்தது. ஹமீதாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கல்யாணமான மூன்றாம் வருஷம் வரைக்கும். அந்த வருஷம் கொடிக்காலில் வாடல் நோய் விழுந்து பாதிக்கு மேல் பட்டுப்போனது. சேக் மைதீன் பாயை விரித்தார், சுவரைப் பார்த்துப் படுத்தார். ஆனி போயிற்று, ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று. அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பேச்சில்லை. ஊட்டினால் இரண்டு வாய், அதுவும் அவள் அழுதால்தான். மிஞ்சிய கொடிக்கு அவளுடைய காக்கா, கூடப்பிறந்த மூத்தவர் செய்யது அலிதான் வந்து தண்ணீர் இறைத்தார். பிறகு ஒருநாள் சேக் மைதீன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். ஏன் படுத்தார் என்பதும் ஏன் எழுந்தார் என்பதும் அவருக்கே தெரியாது.

அன்றிலிருந்து ஹமீதாவுக்கும் ஒரு பயம் உண்டு, ஒன்றே ஒன்று. அந்த முதுகை மறுபடியும் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது. மற்ற எதையும் சமாளித்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

அவளுடைய உம்மா மவுத்தானது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு, இருபத்தேழு வாக்கில். வாப்பாவின் கபருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யுங்கள் என்று உம்மா கேட்டிருந்தாள். ஆனால் மையவாடிக்குள் நுழைய வழி இல்லை. உள்ளே முழுக்கச் சப்பாத்திக்கள்ளி. அதன் தட்டை மடல்கள் பலகை மேல் பலகையாக ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றன. கபர்கள் எல்லாம் அதற்கு அடியில் எங்கேயோ கிடந்தன. வெட்டப் போனவர்கள் முள் ஏறி, கையெல்லாம் இரத்தமாகத் திரும்பினார்கள். வெட்டியும் பிரயோசனம் இல்லை. வெட்டிப் போட்ட பலகை ஒவ்வொன்றும் கிடந்த இடத்திலேயே வேர் விட்டு இன்னொரு கள்ளியாகும். அதன் பழத்தைத் தின்ற மைனா எங்கெல்லாம் எச்சம் போட்டதோ அங்கெல்லாம் முளைக்கும். ஆடு கடிக்காது, மாடு மோந்துகூடப் பார்க்காது, ஒரு பூச்சி அரிக்காது. கடைசியில் உம்மாவைப் பாதையோரமாக, வண்டி போகிற சத்தம் கேட்கிற இடத்தில் அடக்கினார்கள்.

ஹமீதாவுக்கு அது ஆறவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரிகள் ஒரு புதுச் செய்தி சொன்னார்கள். திருநெல்வேலிச் சீமையில் ஒரு வெள்ளைப் பூச்சியை விட்டிருக்கிறார்களாம். கள்ளியை அது இருந்த இடம் தெரியாமல் தின்றுவிடுமாம். பூச்சி பிடித்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து நம் கள்ளிமேல் போட்டால் போதுமாம்.

"நீங்க போயி ஒரு பெட்டி கொண்டு வாங்களேன்" என்றாள் ஹமீதா.

"எனக்கு என்னத்துக்கு ஏட்டி இந்த வேல? வழியில பெட்டிக்குள்ள இருந்து பறந்து போச்சுன்னா?"

"பறந்தா பறக்கட்டு. நாலு பேருக்கு நல்லதை ஒருக்கா செஞ்சு பாருங்க, மனசு நிமிரும்."

உம்மாவுக்காக மட்டும் அவள் சொல்லவில்லை. ஊர் மெச்சுகிற காரியம் ஒன்றைச் செய்துவிட்டால் அவர் பயம் தெளிந்துவிடும் என்று அவளுக்கு ஓர் எண்ணம். நல்ல எண்ணம்தான். வினையெல்லாம் நல்ல எண்ணத்தில்தானே கிளம்புகிறது.

அவர் போனார். திரும்பி வரும்போது கணவாயில் சமஸ்தானத்துச் சுங்கச் சௌக்கைக்காரன் வண்டியை நிறுத்தி, "ஓலைப்பெட்டியில் என்ன?" என்று கேட்டான். சேக் மைதீனுக்குப் பொய் சொல்லவும் பயம். "பூச்சி" என்றார். "இதுக்குச் சுங்கம் உண்டா?" என்று அவரே கேட்கவும் செய்தார். சௌக்கைக்காரன் மூடியைத் தூக்கி, அழுகிய கள்ளியையும் அதில் பஞ்சு பஞ்சாக அப்பியிருந்ததையும் பார்த்தான். அவர் முகத்தையும் பார்த்தான். மூடியை வைத்து, வண்டியைத் தட்டி அனுப்பினான்.

மையவாடிக் கள்ளிமேல் பலகைகளை வைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் பூச்சியெல்லாம் கழுவிப் போய்விட்டது என்றுகூடச் சொன்னார்கள். வெயில் வந்ததும் பார்த்தால் கள்ளிக் காடே வெள்ளை பூத்திருந்தது. பலகைகள் மஞ்சளடித்துத் துவண்டு ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

விவசாய இலாகாவிலிருந்து ஞானதாசன் என்பவரும் வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பயிர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவருடைய உத்தியோகம். பள்ளிவாசலுக்கு முன்னால் கூட்டம் கூடியது. பெண்கள் எதிர்வீட்டு மதிலுக்குப் பின்னால் நின்று கேட்டார்கள்.

"இந்தக் கள்ளி நம்ம நாட்டுச் செடி இல்ல, பாத்துக்கிடுங்க" என்று தொடங்கினார் ஞானதாசன். "கடலுக்கு அந்தப் பக்கத்துல ஒரு தேசத்துல உள்ளது. அங்க இதைத் தின்ன எத்தனையோ எதிராளி உண்டு. அதனால அங்க அடங்கிக் கெடக்கும். யாரோ கப்பல்ல கொண்டு வந்தான். கள்ளி வந்துது, எதிராளி ஒருத்தனும் கூட வரல்ல. கேக்க ஆளில்லாத ஊருல அது நாட்டாமை ஆயிட்டு. இப்போ அந்த எதிராளியில ஒருத்தனைக் கூப்பிட்டு விட்டிருக்கு, அவ்வளவுதான்."

ஒரு பூச்சியை எடுத்து வெள்ளைத் துணியில் வைத்து நசுக்கினார். துணியில் இரத்தம் போலச் சிவப்பு பரவியது. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது.

"இதாக்கும் அடையாளம். வெள்ளையா மாவு பூசின மாதிரி பூச்சி நம்ம ஊருலயும் உண்டு. செம்பருத்தியில, அகத்தியில எல்லாம் அப்பிக்கிட்டு இருக்கும். அதை நசுக்கினா வெறும் தண்ணி. இதை நசுக்கினா செவப்பு."

சேக் மைதீன் கையைத் தூக்கினார். "சாரே, கள்ளி எல்லாம் தீந்துபோச்சுன்னா, இது பொறவு என்னத்தத் தின்னும்?"

"ஒண்ணும் தின்னாது. செத்துப்போவும். எருக்கலையில இருக்கப்பட்ட வரிப்புழு முருங்கைக்கு வந்து பாத்திருக்கீரா? ஒவ்வொண்ணுக்கும் இன்ன சோறுன்னு உண்டு. அது கெடைக்கலேன்னா பட்டினி கெடந்து சாவுமே தவிர, அடுத்த எலையில வாய் வைக்காது."

"சரிதான் சாரே. ஆனா சாவுறதுக்கு முன்னால அதுக்குப் பசிக்குமே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஞானதாசனும் சிரித்தார். மதிலுக்குப் பின்னால் நின்ற ஹமீதா சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி சேக் மைதீன் மனசில் எவ்வளவு ஆழத்தில் கிடந்து வருகிறது என்பது அவளுக்குத்தானே தெரியும்.

மையவாடி வெளித்தது. வாப்பாவின் கபர் தெரிந்தது. "சேக் மைதீன் செஞ்ச புண்ணியம்" என்று வயசாளிகள் சொன்னார்கள். ஆனால் அந்தக் கள்ளிக்குள் ஒரு ஊரே குடியிருந்திருக்கிறது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. கௌதாரிகள் போயின. கீரி போயிற்று. கீரி போனதும் பாம்புகள் வீட்டுத் தாழ்வாரங்களுக்கு வந்தன. கொடிக்கால்களுக்கு வேலியாக நின்றதும் அதே கள்ளிதான், அதையும் பூச்சி விடவில்லை. வேலி போன வழியில் மாடுகள் புகுந்து அகத்தியை மேய்ந்தன. அவசர அவசரமாக முள் வெட்டி அடைத்தார்கள்.

"பாத்தியா ஏட்டி? ஒண்ணைப் புடுங்குனா ஒம்பது வருது. அதுல அடுத்தது என்னவோ?" என்றார் சேக் மைதீன்.

குஞ்சுப் பூச்சிகள் காற்றில் மிதந்து பரவும் என்று ஞானதாசன் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சு போதாதா? கணவாய்க் காற்று வீசுகிற திசைதான் அவருக்கு இப்போது பயம். இடுப்பில் கட்டிக் கிழிந்த பழைய சாரத் துணிகளை வரிசையாகக் கட்டி, கொடிக்காலின் கிழக்கு ஓரத்தில் காற்றை மறித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம், "என்ன மைதீன், வெற்றிலைக்குத் துணி உடுத்தி விட்டிருக்கீரு?" என்று கேட்டுப் போனார்கள். ஹமீதா வெட்கப்படவில்லை. அவள் அவர் தட்டில் மிஞ்சுகிற சோற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளுக்கு நாள் அது கூடிக்கொண்டே வந்தது. விடிந்ததும் ஒவ்வொரு கொடியாக இலையைத் திருப்பிப் பார்ப்பார். முடித்துவிட்டு முதல் கொடிக்குப் போய் மறுபடியும் தொடங்குவார். இவரை நான்தானே அந்தப் பூச்சியிடம் அனுப்பினேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் அவர் கொடிக்காலிலிருந்து வந்தார். ஒரு கையில் அகத்திக் கொப்பு. கொப்பின் கணுவில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருந்தது. அடுத்த கையின் பெருவிரலை அவளிடம் நீட்டினார். விரல் நுனி சிவந்திருந்தது.

"வந்துட்டு" என்றார். "கொடியிலயும் இருக்கு. நசுக்கிப் பாத்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. பாயை எடுத்தார்.

ஹமீதாவுக்கு உயிர் போய்விட்டது. கொடிக்கால் போனால் போகட்டும், பாயை விரிக்க விடக் கூடாது. அவள் பாயைப் பிடுங்கிக்கொண்டாள். "படுக்கப்பிடாது! கேட்டீங்களா, படுக்கப்பிடாது! காக்காகிட்ட போயிச் சொல்லுங்க. நாலு பேரு வந்து பாக்கட்டு. உங்களால வந்ததுன்னா நீங்களே முன்ன நின்னு சொல்லணும்" என்று கத்தி, அவரை முற்றத்துக்குத் தள்ளினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வெற்றிலையும் போட்ட கையோடு செய்யது அலி நாலைந்து கொடிக்கால்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவரும் ஒரு பூச்சியை எடுத்துப் பெருவிரல் நகத்தில் வைத்து நசுக்கினார்கள். ஒவ்வொரு விரலிலும் சிவப்பு. கொடிக்காலுக்கு அப்பால் அடுத்த கொடிக்கால், அதற்கப்பால் இன்னொன்று என்று சுசீந்திரம் போகிற வழி நெடுகக் கொடிக்கால்தான். ஊர் மொத்தத்துக்கும் சோறு அதுதான்.

சேக் மைதீன் முன்னால் வந்தார். "கொண்டு வந்தவன் நான். என்னோடதை எரிச்சிடுங்க. உங்களோடதுக்குப் பரவுறதுக்கு முன்னால எரிச்சிடுங்க" என்றார். அவர் குரல் நடுங்கவில்லை. ஹமீதா அவரோடு வாழ்ந்த காலத்தில் நடுங்காத அந்தக் குரலை அன்றுதான் கேட்டாள்.

பச்சைக் கொடி லேசில் எரியாது. அகத்தியையும் கொடியையும் வெட்டிச் சாய்த்து, காய்ந்த தென்னோலையை மேலே குவித்துத் தீ வைத்தார்கள். புகை எழுந்து கோட்டாற்றுப் பக்கமாகப் போனது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஹமீதா புழக்கடைப் படியில் இருந்தாள். ஆட்கள் இழுத்துக்கொண்டு போனபோது உதிர்ந்த கொப்பு ஒன்று படியில் கிடந்தது. அதில் ஒரு வெள்ளைப் பூச்சி.

"சண்டாளப் பூச்சியே" என்று அதை எடுத்து நசுக்கினாள்.

விரலில் வெறும் தண்ணீர். லேசாக மஞ்சள். சிவப்பு இல்லை.

அவளுக்கு விளங்கவில்லை. இன்னொன்றை நசுக்கினாள், அதுவும் தண்ணீர். எழுந்து சந்து முனைக்கு ஓடினாள். அங்கே சாய்ந்து கிடந்த கடைசிக் கள்ளிப் பலகையில் ஒட்டியிருந்த பூச்சியை நசுக்கினாள். குபுக்கென்று விரல் முழுக்கச் சிவந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

வாய்ப்புண் வந்து இந்த மாதம் முழுக்க அவள் வெற்றிலை போடவில்லை. கையும் சற்று முன்தான் சாம்பல் போட்டுப் பாத்திரம் கழுவிய கை. அங்கே நிற்கிறவர்களோ கொடிக்கால்காரர்கள். வெற்றிலை போடாத வாய் அந்த ஊரில் இருந்தால் அது பால்குடிப் பிள்ளையின் வாயாகத்தான் இருக்கும். அள்ளிய சுண்ணாம்பும், துடைத்த எச்சிலும், பாக்குக் கறையும் காய்ந்து ஒவ்வொரு பெருவிரலிலும் எப்போதும் ஏறி இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், புதுசாகச் சிவப்பு ஊறும். பூச்சி சிவக்கவில்லை. விரல்தான் சிவந்தது.

கத்துவதற்கு வாயைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். கொடிக்கால் முழுக்கத் தீ பிடித்தாகிவிட்டது. மீட்க ஒரு கொடி இல்லை. தீக்கு முன்னால் சேக் மைதீன் நிமிர்ந்து நின்றார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற வயசான மோதினார் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஊரைக் காப்பாத்துனே மக்கா, அல்லா உனக்கு ரஹ்மத் செய்வான்" என்று அழுதுகொண்டிருந்தார். இப்போது போய், இது நம்ம ஊர் மாவுப்பூச்சி என்று சொன்னால்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் என்று மவுத்தாகிற வரைக்கும் சொல்வார்கள். ஊர் சொல்வதுகூடப் பெரிதல்ல. அவர் பாயை எடுப்பார். இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார்.

ஹமீதா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அன்று அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பாமல் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். பயப்படுவதற்கு இருந்த ஒன்றும் எரிந்து போயிற்று. இனி எதற்குப் பயப்படுவது? ஹமீதாதான் தூங்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு ஞானதாசன் ஓடி வந்தார். சேக் மைதீன் அப்போது கூலிக்குச் செய்யது அலியின் கொடிக்காலில் நின்றார். ஹமீதா கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"வெற்றிலையைத் தின்னுதுன்னு சொல்லுகாங்களே, அப்படி இருக்கவே வழியில்லையே, உம்மா. ஒரு பூச்சி கெடைச்சாப் போதும், நான் பாத்துச் சொல்லிடுவேன்" என்றார். அவருக்கும் வேர்த்திருந்தது. கூட்டம் போட்டுச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர் அல்லவா.

"ஒண்ணும் இல்ல, சாரே. எல்லாம் எரிஞ்சு போச்சு."

"நசுக்கினப்போ செவப்பா வந்துதா?"

ஹமீதா தெருவில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். பிறகு கதவிடுக்கு வழியாகச் சொன்னாள். "சாரே, நீங்க சொன்னது பொய்யாவல்ல. எங்க ஆளுக வெரலு செவப்பு. அதை அவருகிட்ட சொல்லிடாதீங்க. அவரு தாங்க மாட்டாரு."

ஞானதாசன் பள்ளிவாசலுக்கு முன்னால் சிரித்ததை நினைத்தாரோ என்னவோ, முகம் சுண்டிப்போனது. "எரிஞ்சு போனதை நான் எப்படிப் பாக்க முடியும், உம்மா" என்று மட்டும் சொன்னார். ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர் பிறகு அந்தத் தெருப் பக்கம் வரவில்லை.

அடுத்த வருஷம் ஊரே ஆளுக்குக் கொஞ்சம் கொடி கொடுத்தது. அகத்தி தழைத்தது, கொடி ஏறியது. சேக் மைதீன் இப்போது பயமில்லாத மனுஷர். ஜமாஅத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு. மழை பெய்தால், "பெய்யட்டு" என்றார். பயம் அந்த வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை, ஆள்தான் மாறியிருந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஹமீதாவுக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

அகத்தி இருந்தால் மாவுப்பூச்சி வராமல் இருக்குமா? வெயில் ஏறினால் கணுவுக்குக் கணு வெள்ளையாக வந்து உட்காரும். அவர் அதை எடுத்து நசுக்கினால் என்ன ஆகும்? விரல் சிவந்தால், பூச்சி திரும்ப வந்துவிட்டது என்று மறுபடியும் தீ வைப்பார். விரல் சிவக்காவிட்டால், அன்றைக்கு எரித்ததும் இதுதானே என்று விளங்கிவிடும். இந்தப் பக்கம் போனாலும் கிணறு, அந்தப் பக்கம் போனாலும் கிணறு. ஆகவே ஒரு பூச்சியும் அவர் கண்ணில் படக் கூடாது. கொடி கட்டப் போகிறேன், சருகு பொறுக்கப் போகிறேன் என்று அவருக்கு முன்னால் விடியக்காலையில் கொடிக்காலுக்குள் போவாள். ஒவ்வொரு கணுவாகச் சாம்பல் தண்ணீர் தொட்டுத் துடைப்பாள். செம்பருத்திச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். தெருப் பிள்ளைகள் கேட்டதற்குப் பூ பிடிக்கவில்லை என்றாள்.

மற்ற மாதங்களைக்கூடத் தள்ளிவிடுவாள். நோன்பு மாதத்தைத்தான் அவளால் தள்ள முடியாது. பகலெல்லாம் யாரும் வெற்றிலை போட மாட்டார்கள். தொழுகைக்குத் தொழுகை கையைத் தேய்த்துத் தேய்த்து ஒளூச் செய்வார்கள். முதல் வாரம் தாண்டுவதற்குள் ஊருக்கே விரல் வெளுத்துவிடும். சேக் மைதீனுடைய விரல் மட்டுமா? செய்யது அலி தன் கொடிக்காலில் ஒரு பூச்சியை நசுக்கிப் பார்த்தால் போதாதா? யாராவது தெருவில், "ஏலே, இங்க பாரு" என்று கூப்பிட்டாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். மற்றவர்கள் நோன்பில் மெலிவது பசியால், ஹமீதா மெலிந்தது இந்தப் பயத்தால். பிறை கண்டு பெருநாள் வெற்றிலைத் தட்டு சுற்றி வந்து, எல்லார் வாயும் விரலும் சிவந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

இப்படியே நாலைந்து நோன்பு கழிந்தது.

அந்த வருஷம் நோன்பு தை வெயிலில் வந்தது. மழை விட்டு, பூச்சிக்குத் தோதான வறட்சி. அதே சமயம் பார்த்து அவளுக்குத் தீட்டு நாளும் வந்தது. கொடிக்காலுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. யாருக்கும் தெரியாமல் போய்விடலாமா என்று முள்வேலி வரைக்கும் போனாள். தீட்டுக் கால் பட்டுக் கொடி வாடினால் அதுவும் தன் தலையில்தானே விடியும் என்று திரும்பினாள். வீட்டுக்குள் வந்தாள், மறுபடியும் வேலிக்குப் போனாள். வேலிக்கு வெளியே நின்று அகத்திக் கணுக்களை எட்டி எட்டிப் பார்த்தாள். தூரத்து மரத்தில் வெள்ளையாக ஏதோ இருப்பது போல இருந்தது. அது வெயிலாகவும் இருக்கலாம்.

சாயங்கால அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், கொடிக்காலுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "ஏட்டி! ஹமீதா! இங்க வா, இதைப் பாரு!"

அவள் புழக்கடைப் படியில் இருந்தாள், தீட்டோடு உள்ளே போக முடியாது. அவரே வந்தார். ஒரு கையில் அகத்திக் கொப்பு. அடுத்த கையின் பெருவிரலை நீட்டினார். சுத்தமாக வெளுத்த விரல். நுனியில் லேசான மஞ்சள் தண்ணீர்.

"பாத்தியா?" என்றார்.

அவள் பார்த்தாள். பாய் எங்கே இருக்கிறது என்றும் பார்த்தாள்.

"செவப்பே இல்ல, ஏட்டி. ரெண்டு மூணை நசுக்கிப் பாத்துட்டேன். பொட்டுச் செவப்பு இல்ல." அவர் முகம் மலர்ந்திருந்தது. "அந்தச் சனியன் பூண்டோட ஒழிஞ்சு போச்சு. இது நம்ம ஊரு மாவுப்பூச்சி, ஞானதாசன் சாரு சொன்னாரே, அது. அண்ணைக்கு நாம எரிச்சது வீண் போவல்ல, ஹமீதா. எரிக்காம விட்டிருந்தா அதுல்லா இங்க உக்காந்திருக்கும்!"

ஹமீதா அவர் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. பிறகு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது.

"இதை எப்பவோ நசுக்கிப் பாத்தா என்ன உங்களுக்கு?" என்று கத்தினாள். "இத்தனை நோன்பு கழிஞ்ச பொறவுதான் உங்களுக்கு நசுக்கத் தோணுச்சா?"

சேக் மைதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொப்பைக் கீழே போட்டுவிட்டு, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இவளுக்கு என்ன வந்துவிட்டதோ என்று அன்று நோன்பு திறக்கிற வரைக்கும் பயந்துகொண்டே இருந்தார்.